ஜோடி பிரித்து ஏற்றிய லாரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் சௌக்கியத்தை நீயும் உன் அண்ணனும் பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அதனால் அதைப் பற்றி நான் எழுதவில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் அப்பா கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அண்ணன் புதுக் கொட்டகை போட்டது உனக்குத் தெரியும். கன்று பிறந்த மறுநாளே ஒன்றுக்கு ஒரு தடுப்பு, சுற்றிலும் பலகை, பக்கத்துக் கன்றின் மூச்சுகூடப் படாது. நோய் ஒட்டாது, எது பால் குடிக்கவில்லை என்று உடனே தெரியும் என்றான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அங்கே கழிச்சல் குறைந்தது. தடுப்பு போதாமல் மிஞ்சிய கன்றுகளைப் பழைய கொட்டகையில் எங்கள் தலையில் கட்டினான். இடம் இல்லாததால் இரண்டிரண்டாக விட்டோம். ஒன்றின் காதை ஒன்று சப்பிக்கொண்டு கிடக்கும். அப்பா கழுத்தைச் சொறிந்துவிட்டுத்தான் பால் வாளியை வைப்பார். "மாமா, தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறீங்களா?" என்று உன் அண்ணி கேலி செய்வாள்.

வளர்ப்புப் பண்ணைக்கு முதல் லாரி போனது. பகல் முழுக்கப் பயணம். தனியாக வளர்ந்தவை வழியெல்லாம் கத்தி, இறங்கும்போது கால் நடுங்கி, அன்று பாலில் வாயே வைக்கவில்லை என்று பண்ணை ஆள் போனில் சொன்னான். ஜோடியாக வளர்ந்தவை ஒட்டிப் படுத்தபடி வந்து, இறங்கியதும் வாளியைத் தேடினவாம். வேறொருவன் என்றால் தடுப்பை எடுத்திருப்பான். உன் அண்ணனுக்கு மூளை அதிகம். அமைதியான கன்றைப் பயந்த கன்றோடு விட்டால் பயந்ததும் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, அடுத்த லாரியில் எங்கள் ஜோடிகளை எல்லாம் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக வளர்ந்த ஒரு கன்றோடு அடைத்தான். "டேய், ஒண்ணா வளந்ததுடா, ஒண்ணாவே போகட்டும்" என்றார் அப்பா. "சும்மா இருங்கப்பா, கல்யாணமா பண்ணி வெச்சிருக்கு?" என்றான். எப்போதும் பறப்பதால் 'அவசரம்' என்று நாம் பட்டப்பெயர் வைத்த லாரி டிரைவர்கூட வண்டியில் ஏறாமல் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். லாரி தெருமுனை தாண்டியும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எங்கள் கன்றுகளும் சேர்ந்து கத்தின. எதுவும் எதையும் அடக்கவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்த கன்று செத்துத்தான் இறங்கியது. அதன் ஜோடி இன்னும் சரியாகக் குடிக்கவில்லையாம்.

அன்றிலிருந்து அப்பா பழைய கொட்டகைப் பக்கம் போவதில்லை. அண்ணன் அதற்குள் அடுத்த யோசனைக்குப் போய்விட்டான். பிரசவத்துக்கு நான் உன்னிடம் வந்து அங்கேயே இருந்துவிட வேண்டுமாம், அப்பா இங்கேயே இருந்து கன்றுகளைப் பார்த்துக்கொள்வாராம். சாப்பாட்டு மேசையில், அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி சரின்னுட்டா" என்றான். அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். எனக்குத் தெரியாமல் எத்தனை தடவை பேசிக்கொண்டீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். உன்னிடமும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய டிக்கெட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அவருக்கும் ஒன்று போட்டால் இருவரும் வருகிறோம், பிள்ளை தலை நிற்கும்வரை இருந்துவிட்டு இருவரும் திரும்புகிறோம். முடியாது என்றால் இதையும் ரத்து செய்துவிடு. வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. மாடிப்படியில் பார்த்து இறங்கு. பிள்ளையை முதல் நாளிலிருந்தே தனி அறையில் போட்டுப் பழக்கப் போவதாகச் சொன்னாய், கொஞ்ச காலம் பக்கத்தில் போட்டுக்கொள். நல்லபடியாகப் பெற்றெடுத்து, நிறைவாக நூறு வயது வாழ வேண்டும். மனதில் எவ்வளவு இருந்தாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
அம்மா
அப்பா