பெட்டிக்கு வைத்த சந்தனம்

அன்புள்ள பூங்குழலிக் கண்ணுக்கு, அப்பா எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆயுத பூஜையன்று நம் ஊர் இன்டர்நெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அதை அணைத்தவன் உன்னைப் பெற்ற நான்தான். குரங்கு இல்லை, இடி இல்லை, உன் அம்மா சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்று போனில் உன்னிடம் சொன்ன மாதிரி நீ இருக்கிற அயர்லாந்துப் பக்கத்துக் கோளாறும் இல்லை. மற்றபடி இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றும் சுகம், சாமை கதிர் பிடித்திருக்கிறது, மிளகுக் கொடி தழைத்து நிற்கிறது, என் மரியாதை ஒன்றுதான் கொஞ்சம் படுத்திருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வரவேண்டுமென்று பெரியண்ணசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு என் மேல் இரக்கம் வரும். கம்பத்தில் வருகிற ஃபைபர் ஒயரை நேராக வீட்டுக்குள் விட முடியாதாம். யாராவது ஒருத்தர் வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியை அடித்து, கம்பத்து ஒயரை அதற்குள் விட்டு, அங்கிருந்து எட்டாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாக இழுக்க வேண்டுமாம். சேந்தமங்கலத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த ரியாசுதீன் தம்பி, பெட்டியை யார் சுவரில் மாட்டட்டும் என்று ஒரு வார்த்தைதான் கேட்டது. நானும் உன் பெரியப்பா அப்பாசாமியும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிவிட்டோம், இரண்டு பேருமே கையை இறக்கவில்லை. கடைசியில் கோயிலில் பூ கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் நம் சுவர், சிவப்பு வந்தால் அவர் சுவர். அந்தத் தம்பி டிரில்லிங் மிஷினைக் கையில் பிடித்தபடியே கோயில் வாசலில் காத்திருந்தது. வெள்ளை வந்தது. அன்றிலிருந்து உன் பெரியப்பா நம் வீட்டைத் தாண்டும்போது குடையைச் சாய்த்துக்கொண்டுதான் போவார், மழையில்லாத நாளிலும்.

எனக்கோ அதிலிருந்து ராஜ யோகம். நெட் கொஞ்சம் மெதுவானால் போதும், பக்கத்து வீட்டுப் பொன்னாயி வந்து, ஏனுங்க பொட்டிக்கு இன்னைக்கு எப்படி இருக்குதுங்க என்று காய்ச்சல்காரனை விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். நான் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கொஞ்சம் சளி கட்டியிருக்கிறது, சாயங்காலம் சரியாகிவிடும் என்பேன். எப்படியோ சாயங்காலம் சரியாகியும் விடும். காதுகுத்து வீடுகளில் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். உன் அம்மா மாதம்மாளே ஒருநாள் எனக்கு இரண்டாவது முறை காப்பி கேட்காமல் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டிச் சாவி ஒன்றை ரியாசுதீன் என்னிடம் கொடுத்திருந்தது. அப்போது படித்துப் படித்துச் சொன்னது. ஒயருக்குள் இருப்பது முடி கனத்துக்குக் கண்ணாடி, அதில் வருவது வெறும் வெளிச்சம், முனையில் ஒரு தூசி ஒட்டினாலும் வெளிச்சம் நின்றுபோகும், எக்காரணம் கொண்டும் பிடுங்கிப் பார்க்காதீர்கள் என்று. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டும்போது நான் எதையும் காதில் வாங்குவதில்லை என்பது உன் அம்மாவுக்குத் தெரியும், அந்தத் தம்பிக்குத் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி, மிக்ஸி, நீ விட்டுப்போன ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஊருக்கே சோறு போடாவிட்டாலும் படம் காட்டுகிற பெட்டியை விடலாமா. மூடிமேல் ஒன்று வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் அரிவாளுக்குப் பிடியிலா பொட்டு வைக்கிறோம், வெட்டுகிற வாயில்தானே வைக்கிறோம் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. பெட்டியைத் திறந்து, பச்சைத் தலை வைத்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெளிச்சம் வருகிற வெள்ளை முனையிலேயே சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, திரும்பப் பழைய இடத்திலேயே சொருகினேன். நம் வீட்டுக்கு முதலில், அப்புறம் வரிசையாக. முடித்துவிட்டு உள்ளே வந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. உன் அம்மா அதைப் பண்டிகைக்காக என்று நினைத்து சூடம் காட்டினாள்.

மறுநாள் எட்டு வீட்டிலும் சிவப்புதான் என்று தெரிந்ததும் உன் பெரியப்பா குடையை நிமிர்த்திவிட்டார். பெட்டியை அடித்த நேரம் சரியில்லை, அது இருக்கிற சுவர் ராசியில்லை, மறுபடியும் பூ கேட்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தார். பொன்னாயிகூட என்னைத் தாண்டிப்போய் அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். கண்ணு, எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்தச் சுவரில்தான் தொங்குகிறது, இந்த முறை சிவப்புப் பூ வந்தால் அதுவும் போய்விடும். குரங்கு ஒயரைப் பிடித்துத் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று நானே ஒரு கதையைக் கிளப்பிவிட்டேன். இரண்டே நாளில் அந்தக் குரங்கின் அடையாளத்தை எனக்கே மற்றவர்கள் சொன்னார்கள்.

பண்டிகை லீவெல்லாம் முடிந்து ரியாசுதீன் மலை ஏறி வந்தது. ஊரே நம் வாசலில் நின்றது. ஏணி போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, ஒரு ஒயரைப் பிடுங்கி மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. "ஏனுங்ணா, உள்ள எல்லாரும் பொட்டு வெச்சுக்கிட்டு கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி நிக்கிறாங்களே" என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, குரங்குக்குப் பொட்டு வைக்கத் தெரியாதுங்க, இவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அடி விழும் என்று நினைத்தேன். யாரும் கோபப்படவில்லை. நம்ம ஊட்டு ஒயருக்கும் வெச்சீங்களா என்றுதான் ஆளாளுக்குக் கேட்டார்கள். ரியாசுதீன் ஒவ்வொரு ஒயரிலும் வீட்டுக்காரர் பெயரை ஒட்டியிருந்ததால் அது பெயர் பெயராக வாசித்துக் காட்டும்படி ஆயிற்று. பொன்னாயி தன் ஒயர் பொட்டு கோணலாக இருப்பதாகக் குறைப்பட்டாள். கடைசி ஒயரில் பொட்டு இல்லை. அது உன் பெரியப்பா வீட்டுடையது.

சத்தியமாக வேண்டுமென்றே விடவில்லை கண்ணு. அரைத்த சந்தனம் ஏழோடு தீர்ந்துவிட்டது, அதற்குள் அம்மா சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டாள், போய்விட்டேன். உன் பெரியப்பா ஏணியடிக்கு வந்து அந்த ஒயரை அண்ணாந்து பார்த்தார். அப்புறம், "ஏழூட்டுக்கு வெச்ச கை எட்டாவதுக்கு மட்டும் சுளுக்கிக்கிச்சாக்கும்" என்றார். சந்தனம் தீந்துபோச்சுங்கண்ணா என்றேன். "ஒரசுனா வராதா?" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை இல்லை. என் பங்காளியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அதற்குமேல் ஊர் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது, ரியாசுதீன் ஏணியிலிருந்து என்னவோ சொன்னதுகூடக் கேட்கவில்லை. என் வாயிலிருந்து எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. "பொட்டிய நீங்களே வெச்சுக்கங்ணா" என்றேன்.

பூவும் கேட்கவில்லை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே அந்தத் தம்பி முணுமுணுத்துக்கொண்டே முனைகளைத் துடைத்து, எட்டு ஒயரையும் அவர் சுவருக்கு இழுத்து மாட்டியது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் பச்சை விளக்கு எரிந்தது, உன் பெரியப்பா வீட்டுச் சுவர் ராசி என்று பேர் ஆயிற்று. இப்போது பொன்னாயி அங்கேதான் போய் விசாரிக்கிறாள். நம் சுவரில் இருந்த ஆணிகளில் அம்மா துணி காயப்போடக் கொடி கட்டிவிட்டாள். வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் அவர் குடையைச் சாய்ப்பதில்லை, நேற்று நின்று உன்னைப் பற்றிக்கூட விசாரித்தார். நெட் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பாய். இனி வீடியோவில் நாம் பேசுவதெல்லாம் அவர் சுவர் வழியாகத்தானே வரவேண்டும், அவரைப் பற்றி அதிலேயே எப்படிப் பேசுவது, அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது முதலில் பெரியப்பா சௌக்கியமா என்று சத்தமாகக் கேள். நாங்கள் அனுப்பிய மிளகை டப்பாவில் பூட்டி வைக்காமல் ரசம் வை. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. கல்யாணப் பேச்சை இதில் எடுக்கமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், எடுக்கவில்லை. பெரியண்ணசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் சாமி.

இப்படிக்கு,
பதவி போன உன் அப்பா
மாதேஸ்வரன்

பி.கு. ஆலத்தூர் நாட்டு ஊர்களுக்கு வேலையாகப் போகிற வழியில் ரியாசுதீன் இப்போது வந்திருக்கிறது, இதைச் சேந்தமங்கலம் போஸ்ட் ஆபீஸில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு ஏணி மேலிருந்து என்னவோ சொன்னாயே தம்பி என்று கேட்டேன். பூஜைக்கு முதல் நாள் ராத்திரியே மலை ரோட்டில் மரம் விழுந்து மெயின் ஒயர் அறுந்துவிட்டதாம், தம்பி நம் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம்தான் கீழே அதை ஒட்டினார்களாம். நான் சந்தனம் வைத்தபோது அந்த ஒயர்களில் வெளிச்சமே இல்லையாம்.