அப்பா பெயருக்கு வந்தவை

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

இன்று வரி அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். "மூணு வருஷமா நோட்டீஸ் அனுப்புறோம். ஒண்ணுக்காவது பதில் உண்டா?" என்று அதிகாரி கேட்டார். அம்மா எதையுமே பிரிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் பெயருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் தொடமாட்டோம். உன் பரீட்சை முடிவைக்கூட நீ வரும்வரை அப்பா பிரிக்காமல் வைத்திருந்தார். அவர் போன பிறகும் அவர் பெயருக்கு வந்ததையெல்லாம் அம்மா அவர் மேசையில் அடுக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாள். நானும் அப்பாவின் கண்ணாடிக் கடையே கதியென்று இருந்துவிட்டேன். போன வாரம் கடைக்கதவில் வரி அலுவலகத்தார் நோட்டீஸ் ஒட்டியபோதுதான் விழித்தேன்.

அப்பா கடைசி இரண்டு வருடம் வரி கட்டவில்லை. அதற்கு வட்டி, மேலே அபராதம். அப்பா கடையை நம் பெயருக்கு எழுதியிருப்பதால், வாரிசுகள் நாம் இருவரும் கையெழுத்திட்டால் தவணையில் கட்டலாமாம். இல்லையென்றால் கடை ஏலத்துக்குப் போகும். தவணையில் பாதியை நீ கொடுத்தால் சமாளித்துவிடுவேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

உன் வாலு

ஜூன் 19

அன்பு வாலுவுக்கு,

பாதி கொடுக்க என்னால் முடியாது. எனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கணக்குப் பார்க்கும் நண்பரிடம் விசாரித்தேன். பதில் போடாததற்குச் சரியான காரணம் காட்டினால் அபராதத்தைத் தள்ளுபடி செய்வார்களாம். நடந்ததை அம்மா தன் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். மிச்சம் உன் கைக்கு அடங்கும். அம்மா என்ன உன் கடைக் கண்ணாடியா, தொட்டால் உடைய?

அண்ணன்

ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

வேலை விஷயத்தை இப்படியா சொல்வது? சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லையே? மறைக்காமல் எழுது.

அம்மாவிடம் கேட்க என்னால் ஆகாது. தபால் வந்த அன்று "உங்கப்பாவுக்கு இன்னிக்கு ரெண்டு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்ததில்லை. அந்தக் கடிதங்கள்தான் கடையைத் தின்றன என்று எந்த வாயால் சொல்வேன்?

கடை போகட்டும். வேறொருவர் கடையிலும் கண்ணாடிக்குச் சட்டம் பொருத்தலாம். வியாபாரம் படுத்துவிட்டது என்றால் அம்மா நம்பிவிடுவாள். நீயும் வாய் திறக்காதே. உன்னிடம் நான் அதிகம் எதையும் கேட்டதில்லை.

உன் வாலு

ஜூலை 15

அன்பு வாலுவுக்கு,

நேற்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். திட்டாதே. கடை போனால் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள் என்று நினைத்து நான் தூங்கி எத்தனை நாளாயிற்று தெரியுமா? அம்மா அழவில்லை. "சரிப்பா" என்றாள். நீதான் வீணாகப் பயந்தாய். தவணைக்கு என் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். கோபம் ஆறியதும் எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 8

அண்ணாவுக்கு,

தாள் கிடைத்தது. அம்மா எழுதிக் கொடுத்தாள். "அவர் கடிதத்தைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. பிரித்தால் அவர் இல்லை என்று ஆகிவிடும். தப்பு என்னுடையது" என்று எழுதியிருந்தாள். அதிகாரி சரிபார்ப்பதற்காக அதை உரக்கப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அம்மா கைப்பையைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் தண்டனைக்கு நிற்கும் பிள்ளைபோல் நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நீ சொன்னதுதான் சரி. அபராதம் தள்ளுபடி ஆகிவிட்டது. முதல் தவணை கட்டியாயிற்று. கடை நம்முடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவின் மேசையைக் காலி செய்தாள். அதன் பிறகு அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கை