ஏரிக்குப் போய்த் திரும்பிய வண்டி

அன்புத் தம்பி பவுலூசிக்கு, அக்கா லீட்டியா எழுதுவது.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் பல் வைத்தியத்துக்காக ஒட்டாவா வரும் சீபாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா கொடுத்த உலர்ந்த மீனும் இருக்கிறது. மீனைத் தின்றுவிட்டுக் கடிதத்தை மூலையில் போட்டுவிடாதே.

இங்கே பகல் நீண்டுவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்ட பிறகும் பனிமேட்டில் உருண்டுகொண்டிருக்கிறார்கள். என் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குட்லு மாமாவுக்கு முட்டி வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அப்பாவின் பனிவண்டியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா இறந்த அன்று ஏரியிலிருந்து அதை இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் விட்டார்கள் அல்லவா, அதன் பிறகு யாரும் கிட்டே போகவில்லை. பனி மூடிவிட்டது. வண்டிக்கென்று நீ தருவித்த பேரிங், நீ கிளம்பிப்போன பிறகு விமானத்தில் வந்தது. உன் பெயர் எழுதிய அந்தப் பொட்டலத்தை அம்மா பிரிக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அதைச் சுற்றித் தட்டுகளை வைத்துச் சாப்பிட்டோம்.

அடக்கத்தன்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வண்டியில அந்தக் கீச்சுச் சத்தம் எனக்குத்தான் முதல்ல கேட்டுச்சுக்கா. அப்பவே பேரிங்குக்குச் சொல்லியிருக்கணும். ஒத்திப் போட்டுட்டேன். வண்டி நின்னு போய்த்தான் அப்பா அங்கேயே உக்காந்துட்டார்." இதயம் நின்றுதான் போனார் என்று நர்ஸ் சொன்னதையும், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தள்ளிவிட்டாய்.

போன மாதம் அம்மா ஒருவழியாக அப்பா அன்று போட்டிருந்த அங்கியைத் துவைக்க எடுத்தாள். உள்பையில் வண்டிச் சாவி இருந்தது. மீன் பிடிக்க உட்காருமுன் வண்டியை அணைத்து, சாவியை உள்ளே போட்டுக்கொள்வது அவர் வழக்கம்தானே. அம்மா அதை என் கையில் வைத்தாள். வண்டி தானாக நிற்கவில்லை, அவரேதான் அணைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

நான் சிமியூனியிடம் போனேன். நீ மலைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது ஏரியில் அப்பாவைக் கண்டவன் அவன்தான். வண்டியைக் கிளப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அந்த நேரத்துல வண்டிய யாரு பாத்தா? கட்டி இழுத்துட்டு வந்தோம், அவ்வளவுதான்" என்றான்.

மறுநாளே பனியைத் தோண்டி வண்டியை வெளியே எடுத்தேன். வண்டியைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்போல ஆனது. பிறகு கிளம்பியது. அதே கீச்சுச் சத்தம். பேரிங்கை மாற்றாமலே ஏரிக்குப் போய் வருகிறேன் என்றதும் மாமா கத்தினார். "புத்தி கெட்டுப்போச்சாடி உனக்கு? இன்னொருத்தரைத் தேடிப் போக எனக்குத் தெம்பில்ல." கத்தியவரே தன் வண்டியில் பின்னால் வந்தார். "நின்னா இழுக்கக் கயிறு, அழுதா குடிக்க டீ. ரெண்டும் எடுத்தாச்சு, போ."

வழி முழுக்க அது கத்திக்கொண்டே ஓடியது. மீன் பிடிக்க ஏரிப் பனிக்கட்டியில் அப்பா வெட்டிய துளை உறைந்து மூடியிருந்தது. பக்கத்தில் நிறுத்தி வண்டியை அணைத்தேன். பிறகு கிளப்பும் கயிற்றைப் பிடித்தேன், பவுலூசி. மறுபடி கிளம்பாவிட்டால் உன்னிடம் என்ன சொல்வேன் என்று நின்றேன். கிளம்பியது. வீடு வரை வந்தது. மாமாவின் கயிறு அவிழவே இல்லை. டீ மட்டும் தீர்ந்தது.

அதன் பிறகுதான் பிரித்தோம். பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ரப்பர் பட்டையைத் தளர்த்தினேன். அதைச் சுழற்றும் தண்டின் முனையில், பேரிங்கைப் பிடித்திருந்த பூட்டு வளையம் துருவேறி ஒட்டிக்கிடந்தது. சூடு காட்டித் தட்டித் தட்டி எடுத்தேன். மாமா விளக்கைப் பிடித்துக்கொண்டு என் சுத்தியல் அடியைக் கேலி செய்தார். பேரிங்கில் கிரீஸ் துளியும் இல்லை. குண்டுகள் தேய்ந்து, ஆட்டினால் கடகடத்தது. அது நன்றாக இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மாமா அதை விரலில் மாட்டிச் சுற்றினார். "தேஞ்சுதான் போச்சு. ஆனா சுத்துது பாரு. உங்கப்பனை இது நிறுத்தல" என்றார்.

தண்டைத் தேய்த்துத் துடைத்து, உன் பொட்டலத்தைப் பிரித்துப் புதியதைப் போட்டேன். இப்போது வண்டியில் சத்தமே இல்லை. ஓட்டிக் காட்டினேன். சன்னலில் நின்று பார்த்த அம்மா உள்ளே போய் அழுதாள். கடைசி நாட்களில் அந்தக் கீச்சுச் சத்தத்தை வைத்துத்தான் அப்பா வருவது அவளுக்குத் தெரியுமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று. விமானம் வரும் நாளெல்லாம் அம்மா ஓடுதளத்துக்குப் போகிறாள். ஏன் என்று கேட்டால், "கடைச் சாமான் வந்துச்சான்னு பாக்கப் போனேன்" என்கிறாள். கடைக்காரரோ அவள் எதையும் விசாரிப்பதில்லை என்கிறார். படியில் இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, கடைசி ஆளும் போன பிறகு நடந்தே திரும்புகிறாளாம்.

ஒருநாள் அந்தப் படியில் நீ இறங்கி வா, தம்பி. அவளுக்கு எதையும் விளக்க வேண்டாம். அவளும் எதையும் கேட்க மாட்டாள். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
லீட்டியா