கோழிப் படம் ஒட்டிய மூட்டை

போடிநாயக்கனூர்
18-5-1958

என் கண்ணு லில்லிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், நீயும் கிரேஸ் சித்தி வீட்டாரும் அங்கே பம்பாயில் அப்படியே சுகமாயிருக்க வேண்டுமென்று காலை ஜெபத்தில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லித்தான் கேட்கிறோம். உன் கடிதம் போன வாரமே வந்தது, உடனே பதில் எழுத முடியவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் கடையில் மூட்டை இறக்கும்போது தானும் ஒரு கை கொடுக்காமல் நிற்க மாட்டேன் என்கிறார். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, சாயந்தரமானால் மெட்டுப் பக்கம் இடி இடித்துக் கோடை மழை இறங்குகிறது, ஏலத்துக்கு நல்லது என்று தோட்டக்காரர்கள் முகம் தெளிந்திருக்கிறது. மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், பம்பாய் வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். அச்சகத்தில் நாள் முழுக்கக் குனிந்து எழுத்து வரைவதால் கழுத்து நோகிறது என்று எழுதியிருந்தாய், ராத்திரி படுக்கும் முன் சித்தியிடம் நல்லெண்ணெய் சூடாக்கித் தடவச் சொல். சோப்பு உறைக்கும் பிஸ்கோத்து டப்பாவுக்கும் எழுத்துப் போடவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நீ எழுதியிருந்த வரியை அப்பா திரும்பவும் ஒரு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை, இங்கே நடந்ததை எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

உனக்குப் பாதி தெரிந்ததுதான், ஆனாலும் கிரேஸுக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்கும் வாசித்துக் காட்டு என்பதற்காக முதலிலிருந்தே எழுதுகிறேன். போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை செய்கிற இருளம்மாள் சிலமலைக்காரி, மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் நம் கடையில்தான் சாமான் வாங்குவாள். போன ஐப்பசியில் அவள் புருஷன் மொக்கையன் தோட்டத்து ஸ்டோரில் காலியாகக் கிடந்த ஒரு தகர டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். நல்ல மூடி உள்ள டப்பா, அவளும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கேப்பை மாவைக் கொட்டி வைத்தாள். அது ஏலச் செடிக்குத் தூவுகிற பூச்சி மருந்துப் பொடி வந்த டப்பா. மேலே இங்கிலீஷில் பொடி எழுத்தாக என்னவோ எழுதியிருந்தது, தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. காலையில் களி தின்றுவிட்டு வேலைக்குப் போனவனை ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள், பாதி மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. இருளம்மாளுக்கு அன்றைக்கு விரதம், அதனால் அவள் பிழைத்தாள். கடை வாசலில் உட்கார்ந்து, "நாந்தேம்மா கழுவி வச்சேன், நாந்தேன் கிண்டிப் போட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்பி ஒரு வாய் காப்பி குடிக்கவைக்க எனக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதைத்தான் உனக்கு எழுதினேன். நீ யாரும் கேட்காமலே டப்பாவில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாள் வரைந்து அனுப்பினாய். மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்பும், கீழே நிழல் விழுந்த மாதிரி வளைவு வளைவாக அழகான எழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை, சந்தை நாளில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அந்தத் தோட்டத்தில் ஆட்களை நடத்துகிற திருப்பதி கங்காணி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தலவலி மருந்தா தாயி?" என்று கேட்டார். இன்னொருத்தி சுடுகாட்டுச் சாமி கோயில் திருநீறு என்றாள். உன் படம் சரிப்படவில்லை என்று எழுத எனக்கு மனசே வரவில்லை, அப்பாதான் எழுதச் சொன்னார். அடுத்தது வாய்க்குக் கை கொண்டுபோகிற மாதிரி வரைந்து அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அனுப்பினாய், அதைப் பார்த்தவர்கள் சிலுவை போட்டிருக்கிறது, நம்ம வேதக்கோயிலில் கொடுக்கிற மருந்து, நன்றாகச் சாப்பிடலாம் என்றார்கள். உனக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். நீயோ, அவர்கள் எதைப் பார்த்தால் பயப்படுவார்கள் என்று கேட்டு எழுது அம்மா என்று ஒரே வரியில் கார்டு போட்டாய். இருளம்மாளிடம் கேட்டேன். அவள், "எங்க லயத்துல விசம் எது தின்னாலும் மொதல்ல விழுறது கோழிதேம்மா" என்றாள். அப்படி வந்ததுதான் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிற கோழி, பக்கத்தில் சிந்தின பொடி. அதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் கையைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

எழுத்திலும் அப்படித்தான். லயத்தில் ராப்பள்ளிக்கூடம் நடத்துகிற வேலுச்சாமி வாத்தியார், படத்தின் கீழே 'விஷம், தின்னாதே' என்று நீ எழுதியதைப் பெண்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். விஷம் என்பதில் வருகிற ஷ அவர்களுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை, தின்னாதே என்பதில் அந்தச் சுழித்து எழுதுகிற னா வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நிழலும் வளைவும் போய், கட்டை விரல் தடிமனில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, வாயால் சொல்கிற மாதிரியே 'இது விசம்' என்று நீ மாற்றி அனுப்பினாய். வாத்தியாருக்கு முதலில் பிடிக்கவில்லை, பிழையாக அச்சுப் போடலாமா என்றார். பெண்கள் ஒரே மூச்சில் வாசித்ததைக் கேட்டபிறகு அவரே, இது இப்படியே போகட்டும் என்றார். கீழே மலையாளத்திலும் அதே சொல்லை அந்தப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் எழுதிக்கொடுத்தார். போடியில் மருந்து டப்பா வந்து இறங்கும் இடத்திலேயே உன் தாளை அச்சடித்து ஒட்டி அனுப்ப அப்பா சொல்லி ஏற்பாடு செய்தார். இவ்வளவும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்லப்போவது தெரியாது.

சித்திரை கடைசியில் அந்த லயத்தில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். எல்லாருக்கும் சோறு போடுவதற்கு அரிசி நம் கடையிலிருந்துதான் போனது. அப்பா மூட்டையை லாரியில் ஏற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டு வந்தார், அதற்குப்பிறகு வேறொரு இடத்தில் நிறுத்தித் தார்ப்பாயை அவிழ்த்து மருந்து டப்பா லோடையும் மூட்டைமேலேயே ஏற்றியிருக்கிறார்கள், அது நமக்குத் தெரியாது. மலைப்பாதையில் மழை. டப்பா ஒன்று நசுங்கி மூடி வாய் பிளந்திருக்கிறது. லயத்தில் டப்பாக்களை ஸ்டோரில் இறக்கி, மூட்டைகளைக் கோயில் பக்கம் தலைகீழாக உருட்டித் தள்ளிவிட்டு லாரி போய்விட்டது. காலையில் பெண்கள் அரிசி புடைக்க உட்கார்ந்தார்கள், இருளம்மாளும் அவர்களோடு. உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது மூட்டையை இழுக்கும்போது அதன் அடியில் ஈரத்தோடு ஒரு தாள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பாதி கிழிந்துபோய்ப் படத்தில் கோழியின் கால் இரண்டும், ஓரத்தில் கொஞ்சம் எழுத்தும்தான் தெரிந்ததாம். மழையில் பசை விட்டு டப்பாவிலிருந்து உரிந்து மூட்டையில் ஒட்டிக்கொண்ட உன் தாள் அது லில்லி.

இருளம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இந்த அரிசியைத் தொடாதீர்கள் என்றிருக்கிறாள். புடைத்து வைத்ததையும் உலையில் போடக்கூடாது என்றாள். திருப்பதி கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு காயிதம் ஒட்டியிருக்குன்னு சாமி சோத்த நிப்பாட்டுவியா? பிள்ளைக பசியா கெடக்கு, வெரசா சோலியப் பாரு ஆத்தா" என்று சத்தம் போட்டார். "கோழி செத்துக் கெடக்கு அண்ணே, கண்ணத் தொறந்து பாருங்க" என்றாளாம் இவள். பின்னால் நின்ற இரண்டு பேர், தாலியறுத்தவளைச் சாமி காரியத்தில் விட்டதே தப்பு என்று அவள் காதில் விழும்படியே பேசியிருக்கிறார்கள். அவள் எழுந்துபோய் அந்த மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு, "என்னைத் தூக்கி அங்கிட்டுப் போட்டுட்டு அப்புறம் ஒலையில போடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் ராப்பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெரியம்மாள் குனிந்து அந்தத் தாளில் மிச்சமிருந்த எழுத்தை விரல் வைத்து விசம் என்று வாசித்தாள். திருப்பதி கங்காணி துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு மூட்டையைப் புரட்டினார். அடிப்பக்கம் சாக்கு முழுக்க வெள்ளையாகப் பொடி ஊறிப்போய், அரிசி வாசனை இல்லாத ஒரு வாசனை.  அடுப்பை அணைத்து, அரிசி முழுவதையும் குழி வெட்டிப் புதைத்துக் கல்லை அடுக்கினார்கள். புடைத்தபோது சிந்திய அரிசியைப் பொறுக்கிய காக்கை மத்தியானத்துக்குள் கோயில் வாசலிலேயே செத்து விழுந்தது.

சேதி கடைக்கு வந்ததும் அப்பா கல்லாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பிள்ளைகள், எத்தனை வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன். பிறகு அப்பா எழுந்து ஒரு ஜீப்பு பிடித்து, வேறு எந்தச் சாமானும் ஏற்றாமல் புது அரிசி மட்டும் ஏற்றினார், நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திருப்பதி கங்காணி ஓடி வந்து மூட்டையைத் தான் ஒருவராகவே இறக்கினார். "நா அந்தப் பிள்ளைய வைஞ்சிட்டேன் தாயி. அது மட்டும் எந்திரிச்சிருந்தா இன்னிக்கி லயத்துல வெளக்கேத்த ஆளில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூட்டையைப் பிரிக்கக் குனிந்தார். இருளம்மாள் அடுப்பின் பக்கத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள், அவளிடம் கரண்டியைக் கொடுத்து நீயே கிளறு என்று இப்போது எல்லாரும் சொன்னார்கள்.

மறந்துபோவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். தாள் உரிந்து வந்ததால் இந்த முறை பிழைத்தோம், ஆனால் தாள் உரியக்கூடாது. லாரிக்காரர்களிடம் அப்பா போய்ப் பேசி, தீனிச் சாமானோடு மருந்து ஏற்றுவதில்லை என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார், அது எவ்வளவு நாள் நிற்குமோ. அதனால் ஏல மூட்டையில் எழுத்து வெட்டிய தகடு வைத்து மார்க் போடுகிற மாதிரி டப்பாவிலேயே மை பூசிவிடலாம் என்கிறார். இங்கே ஒரு தகரக்காரர் உன் எழுத்தைத் தகட்டில் வெட்டிப் பார்த்தார், 'வி' எழுத்தைச் சுற்றி வெட்டியதும் அதன் வயிறு கழன்று கீழே விழுந்து வெறும் ஓட்டைதான் மிஞ்சியது. எங்கே எவ்வளவு ஒட்டு விட்டு வெட்ட வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும், வரைந்து அனுப்பு. பருத்திக்கு மருந்து அடிக்கிற பொட்டிபுரத்துக்காரர்களும் சிலமலைக்காரர்களும் எங்களுக்கும் கோழிப் படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கலாமா என்று உன்னைக் கேட்காமலே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் சோறு வெந்து பந்தி வைத்தார்கள். மழை விட்டு வெயில் மஞ்சளாக அடித்தது. நானும் அப்பாவும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தோம். இருளம்மாள் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் வரிசையில் நட்டநடுவில் ஓர் இலை போட்டு யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தாள். "இது பம்பாய்ல இருக்க உங்க மகளுக்குப் போட்ட எலை. அது இங்க வர முடியாது. பெத்தவ நீங்க ஒக்காந்து சாப்பிடுங்கம்மா" என்றாள். எனக்கு முன்னால் யாரும் இலையில் கை வைக்கவில்லை. நான் கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், நான் கண் திறக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வெறும் சோறும் பூசணிக்காய்ச் சாம்பாரும்தான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். உன் பங்கை நான் சாப்பிட்டுவிட்டேன் கண்ணு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தகட்டு எழுத்தை மறக்காமல் அனுப்பு, கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு கொடு, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காத்துப் பலப்படுத்துவாராக. அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
சாந்தகுமாரி