ரஸ்ஸல் கூப்பிட்டதும் போன பயம்

அன்பு லொரெய்ன்,

உன் முதுகுவலி தேவலையா? துல்சாவில நான் சௌக்கியம். இடுப்புல மறைச்சு வைக்கிற துப்பாக்கிக்கு நேத்து வகுப்பு எடுத்தேன். "சுடுற வரைக்கும் ட்ரிக்கர்ல விரல் வைக்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே, கையிலிருந்த பிளாஸ்டிக் துப்பாக்கியில நானே விரலை வெச்சிருந்தேன்.

"வாத்தியாரே, முதல்ல உங்க விரலை எடுங்க!"ன்னு ஒரு நர்ஸம்மா கத்த, ஒரே சிரிப்பு.

என் நினைப்பெல்லாம் அங்கே உன்கிட்டதான். நம்மூர் ரஸ்ஸலோட துப்பாக்கி வகுப்புல நீ சேர்ந்திருக்கே. பின்னாடி நின்னு கையைப் பிடிச்சுக் காட்டுறான்னு போன்ல சொன்னே. நாங்கல்லாம் பக்கத்துல நின்னு வாயாலதான் சொல்லிக்கொடுப்போம்.

என் கம்பளி சாக்ஸை அனுப்பு. இந்த அறை குளிருது.

வகுப்புக்கு நேரமாச்சு. நான் கூப்பிட்டப்பல்லாம் "துப்பாக்கின்னாலே பயம்"னு சொன்னியே, ரஸ்ஸல் கூப்பிட்டதும் அந்தப் பயம் எங்கே போச்சு?

உன் வெர்னன்