இரண்டாவது கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய், அதனால் கடிதம். போன வாரக் கூட்டத்தில் நான் சொன்னது ஒன்றுதான். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் நாங்கள், மலையிலிருந்து பாராகிளைடரில் பறக்கும் நீங்கள், பலூன்காரர்கள், எல்லோருக்கும் ஒரே சங்கம் இருக்கட்டும். நாற்காலியைத் தள்ளிவிட்டு நீ எழுந்து போகும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

மாதக் கடைசியில் ஓட்டெடுப்பு. உன் கிளப் உன் பேச்சைத்தான் கேட்கும். வரைவு விதிகளை இதோடு வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது படிக்காதே; கோபம் வந்தால் பாதியில் எழுந்துவிடுவாய்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் நான். சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். ஒன்பதாவது விதி: 'ஆபத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டைச் சங்கம் அங்கீகரித்தவரே மடிக்க வேண்டும்.' இந்த ஊரில் அந்த அங்கீகாரம் யாருக்குக் கிடைக்கும்? உன் தையல் கடை மேசையில் மடித்துத் தரும் உனக்கு மட்டும்தான். என்னைத் தவிர எங்கள் ஆட்கள் தங்களுடையதைத் தாங்களேதான் மடிக்கிறார்கள். இனி எல்லோரும் உன் வாசலில் நிற்க வேண்டுமா?

எங்கள் துணைச் செயலாளர் காதைக் கடித்தார்: "உங்க அக்கா எங்க கிளப்பையும் சேத்து மடிச்சு பையில போட்டுக்கப் பாக்கறாங்க." அங்கே சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

உனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிய நிலைமையா எனக்கு? ஒன்பது வருஷமாக உன் ரிசர்வை மடிக்கிறேன். ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கிறாயா? இப்போது பார். உன் துணைச் செயலாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். துணைச் செயலாளரைக் கூப்பிடவில்லை. கட்டிலில் வைத்துப் பிரித்தபோது என் மனைவி, "அக்கா மடிச்சதப் போயி பிரிக்கறீங்களே" என்று சத்தம் போட்டாள்.

கயிற்றின் இரண்டு கட்டுகளையும் ஒரே ரப்பர் பேண்டு இறுக்கியிருந்தது. இழுத்ததும் அவிழ்ந்து பாராசூட்டை விரியவிட வேண்டிய கயிறு. இழுத்தேன், வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். வரவில்லை. போன மாதம் பாறைகளுக்கு மேலே என் பாராகிளைடரின் இறக்கை ஒரு பக்கம் சுருங்கியபோது இதன் கைப்பிடியில்தான் கை வைத்தேன், அக்கா. அதற்குள் இறக்கை தானாக விரிந்துகொண்டது.

வேண்டுமென்றே செய்தாய் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று உனக்கு எழுத வேண்டி வந்ததே, அதுதான் தாங்கவில்லை.

உள்ளே, மடித்த தேதிகளைக் குறிக்கும் அட்டை இருந்தது. தேதிக்குத் தேதி உன் கையெழுத்து. பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் ஒன்பது வருஷமும் காலி. ஏன்?

தம்பி

மார்ச் 21

என் தம்பிக்கு,

தப்பு என்னுடையதுதான். அன்றைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் அவசரம்; மடிப்பதற்கு நடுவே இரண்டு தடவை எழுந்து போனேன். சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உன்னைக் கொன்றிருப்பேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

சின்ன எழுத்தைப் படிப்பவனே, ஒன்பதாவது விதி பின்பக்கமும் போகிறது. புரட்டிப் பார்: 'மடித்தவர் அல்லாத இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.' எங்கள் கிளப்பில் அது இல்லாமல் யாரும் விமானம் ஏற முடியாது. உங்களிடம் அந்த வழக்கமே இல்லை. ஒரே சங்கம் வேண்டும் என்று நான் கேட்டது அந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

உன் அட்டையில் அதைக் காலியாக விட்டது என் கர்வம். என் தம்பியுடையதை இன்னொருவர் சரிபார்ப்பதா என்று நினைத்தேன். கிளப்பில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதுதான் எங்களுக்கு முறை. நீ சந்தேகப்பட்டபோது மட்டும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படி. எனக்கு அங்கீகாரம் கிடைக்காமல் போனாலும் போகட்டும். ஓட்டு உன் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிசர்வை எடுத்துக்கொண்டு கடைக்கு வா. எப்படி மடிக்க வேண்டும் என்ற படங்களைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். நான் மடிக்கிறேன், ஒவ்வொரு மடிப்பையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார். சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடு.

என்னை நம்பி வராதே. பார்க்க வா.

அக்கா