கையை விடும் செல்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

பேசினால் நாக்கு எரிகிறது, அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். ஆறாத அந்தப் புண் புற்றுநோயாம். உடனே ஆபரேஷன், நாக்கில் பாதி போகும் என்கிறார் டாக்டர். "கிளட்ச்சை மிதிங்க, பிரேக்கை மிதிங்க" என்று கத்தி டிரைவிங் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு நாக்கு போனால் என்ன மிச்சம்?

இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்றுதானே பதினைந்து வருடமாக ஆராய்கிறாய். ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பரவிவிட்டதா? என் கோணல் எழுத்தைக் கிண்டல் செய்யாதே.

தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

ரிப்போர்ட்டை நாலு முறை படித்தேன். வாய்க்குள் செல்கள் ஒன்றையொன்று கைகோத்துப் பிடித்திருக்கும். அந்தக் கை ஒரு புரதம். சில புற்றுச் செல்கள் அந்தப் புரதத்தை உண்டாக்குவதை நிறுத்திவிடும். பிடி விட்டதும் உருவம் நீண்டு, அடியிலிருக்கும் சவ்வை அரித்துக்கொண்டு, கழுத்தில் நெறிகட்டும் இடங்களுக்குப் போய்ச் சேரும். உன் புண்ணின் ஓரத்தில் அப்படிச் சில செல்கள் தெரிகின்றன. பரவலின் தொடக்கமாக இருக்கலாம். போதிய ஆதாரம் இல்லை. உறுதியாகச் சொல்வதற்கில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பார்த்துத்தான் போன உயிர் வந்தது. ஆதாரம் இல்லை என்று நீயே சொல்லிவிட்டாயே! என்னிடம் படிக்கும் எட்டுப் பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கிறது. ஆபரேஷனை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன். டாக்டர் முறைத்தார். "எங்க அக்காவுக்கு உங்களைவிட அதிகம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பி

மார்ச் 22

அடப் பாவி,

போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய், கூரியரில் அனுப்புகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நூறு தடவை கண்ணால் பார்த்ததையும் "இருக்கலாம்" என்றுதான் எழுதுவோம். அதே பழக்கத்தில் உனக்கும் எழுதித் தொலைத்தேன். இல்லை, அதுவும் பொய். உன்னிடம் நேராகச் சொல்லப் பயந்தேன்.

பரவ ஆரம்பித்துவிட்டது, தம்பி. ஜூன் வரை அது காத்திருக்காது. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. எட்டுப் பேரும் நடந்து போகட்டும்.

அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்கா,

வார்டில் இருந்து எழுதுகிறேன், இதுவும் கூரியரில்தான் வரும். கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி இருக்கிறதாம், போன தடவை பார்த்தபோது இல்லையாம். அதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு, அக்கா. எரிந்தாலும் பரவாயில்லை, இந்த நாக்கு இருக்கும்போதே உன்னை வாய் நிறையத் திட்டித் தீர்க்க வேண்டும்.

தம்பி